கழுவிக் கவிழ்த்த கிண்ணம்

கிண்ணம் ஈரமாக இருந்தது.

கயல்விழி குழிக்குள் இறங்கி அதன் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நேற்று மாலை அவளே தார்ப்பாயால் மூடி, நான்கு மூலைக்கும் கல் வைத்துவிட்டுப் போனது. அப்போது மண்ணுக்கு வெளியே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் முதுகு தெரிந்தது. அதன் மேல் மண் பொருக்காக ஒட்டியிருந்தது. இப்போது சுற்றி இருந்த மண் முழுக்க விலக்கப்பட்டிருந்தது. பொருக்கு இல்லை. தடித்த, மெருகில்லாத, கருஞ்சிவப்புக் கிண்ணம் முழுசாகத் தரையில் கவிழ்ந்திருந்தது. விளிம்பை ஒட்டித் தரையில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரம் பரவியிருந்தது.

"யாரு இதை எடுத்தது?"

குழியின் மறு மூலையில் சின்னத்தாயி பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான்தானுங்க அம்மணி. கழுவிப்போட்டேன்."

"கழுவிப்போட்டீங்களா?"

"அழுக்கா இருந்துச்சுங்க."

கயல்விழி அந்த ஈரத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். கிண்ணத்தைச் சுற்றி இருக்கும் மண்ணை வெயிலுக்கு முன்னால் விலக்கி வையுங்கள் என்று நேற்று சொன்னது அவள்தான். எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று மாதமாக இந்தக் குழியில் வேலை செய்பவளுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொருள் மண்ணில் எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலையில்தான் அது பேசும். படம் எடுத்து, அளந்து, வரைந்த பிறகே கை வைக்க வேண்டும். சின்னத்தாயிக்கு அது மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஒரு பாசிமணியைக்கூட அவள் இடம் பெயர்த்ததில்லை. பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூப்பிடுவாள்.

வெள்ளகோவிலிலிருந்து ஆறு கிலோமீட்டரில், கிளுவை வேலி போட்ட ஒரு கொறங்காட்டில் அந்தக் குழிகள் இருந்தன. ஆடு மாடு மேய்கிற புல்காடு. சொந்தக்காரர் தம்பிதுரை சம்மதக் கடிதம் கொடுத்ததால்தான் தோண்ட முடிந்தது. ஐந்தடியில் ஒரு வீட்டின் களிமண் தரை வந்தது. சிவப்புக் கல் பாசிகள் அறுபத்திரண்டு கிடைத்தன. இரும்பு உருக்கிய கசடும், உடைந்த வாள்முனை ஒன்றும் கிடைத்தன. எழுத்து பொறித்த ஓடு ஒன்றுகூட இல்லை. எழுத்துக்கு முந்தைய ஆட்கள். பெயர் தெரியாது. அதனால் அந்த வீட்டுக்குப் பாசிவீடு என்று இவர்களாகப் பெயர் வைத்தார்கள்.

பாசிவீட்டின் வாசல் கிழக்கே. உள்ளே கிடைத்த கிண்ணங்கள் பதினொன்றும் மெல்லியவை. உட்புறம் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு, கண்ணாடி போல் மெருகு. பன்னிரண்டாவது கிண்ணம் வீட்டுக்கு வெளியே இருந்தது. மேற்கே, பின்சுவரைத் தாண்டி, கூரையின் இறவாரத்தைத் தாங்கிய கம்புகளின் குழித்தடத்துக்கு அருகே, தனியாக. நேற்று அதன் முதுகு தெரிந்தபோதே கயல்விழிக்கு என்னவென்று பட்டுவிட்டது. பட்டதை அவள் எழுதவில்லை. தோண்டுகிறவர்களிடம், புரியாத எதற்கும் போட ஒரு சொல் உண்டு. அட்டையில் அந்தச் சொல்லை எழுதிக் கட்டினாள். சடங்கு. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அந்த அட்டை இன்னும் ஆணியில் தொங்கியது. அவளுடைய கையெழுத்துதான்.

*

டாக்டர் வெங்கடலட்சுமி எட்டு மணிக்கு வந்தார். அகழாய்வின் இயக்குநர். ஐம்பத்தொன்பது வயது. தொப்பியைக் கழற்றாமல் குழிக்குள் இறங்கினார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. கேள்விகளை வரிசையாகக் கேட்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் தவறு எங்கே என்று கேட்பவருக்கும் சொல்பவருக்கும் தெரிந்துவிடும்.

"போட்டோ?"

"இல்லைங்க மேடம். நேத்து வெளிச்சம் போயிருச்சு."

"வரைபடம்?"

"இடம் மட்டும் குறிச்சிருக்கேன். முழுசா வெளிய வரலை."

"உள்ளே இருந்த மண்?"

கயல்விழி சின்னத்தாயியைப் பார்த்தாள்.

"வேலியோரம் கொட்டிப்போட்டேனுங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளே இருந்த மண்ணைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால், அதில் கஞ்சி இருந்ததா, எண்ணெய் இருந்ததா என்று தெரிந்திருக்கும். இனி தெரியாது. அவர் சின்னத்தாயியின் பக்கம் திரும்பினார்.

"நீ எடுக்கறப்போ எப்படி இருந்துச்சு?"

"கவுந்துதானுங்க இருந்துச்சு. இப்ப இருக்கற மாதிரியே."

"இப்ப இருக்கறது நீ வெச்சது."

"இருந்த மாதிரிதானுங்க வெச்சேன்."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

"நான்தானுங்க சொல்றேன்."

மேலே சல்லடை பிடித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"உனக்கு வேலை தெரியும். உன்னைவிடப் பக்குவமா யாரும் மண்ணை விலக்கறதில்லை. எதுக்கு எடுத்தே?"

சின்னத்தாயி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். நாற்பத்தேழு வயது. ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். பேசுவதற்கு முன் சட்டையின் கைப் பொத்தானைப் போட்டாள்.

"கை போயிருச்சுங்க."

"அப்படின்னா?"

"ஒம்பது வயசுல ஒரு தோட்டத்துக்கு வேலைக்குப் போனேனுங்க. பதினோரு வருசம். எங்களுக்குன்னு ஒரு லோட்டா. மாட்டுக் கட்டுத்தரை எறவாரத்துல கவுந்து கெடக்கும். காப்பி ஊத்துனா குடிச்சுப்போட்டு, கழுவி, கவுத்தோணும். கழுவாம வெச்சா தோட்டத்துக்காரப் பண்ணாடிச்சி ஏசும். காத்தால இங்க மண்ணை எடுத்தா, அதே மாதிரி. எறவாரத்தடியில, அழுக்கா. கை தன்னால எடுத்துக் கழுவிப்போட்டுதுங்க. கவுத்துன பொறகுதான் எனக்கே நெனப்பு வந்துச்சு. இது அந்த லோட்டா இல்லையேன்னு."

துடைப்பத்தை மறுபடி எடுத்தாள்.

"அப்பறம், ஏன் இல்லைன்னு நெனச்சேனுங்க."

சல்லடை நின்றிருந்தது. கிளுவை வேலிக்கு அப்பால் ஒரு எருமை தண்ணீருக்குக் கத்தியது. டாக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேலே ஏறினார்.

"கயல், டென்ட்டுக்கு வா. சின்னத்தாயி இன்னையிலிருந்து சல்லடையில நிக்கட்டும்."

*

கூடாரத்தில் மடக்கு மேசையில் பதிவேடு திறந்திருந்தது. டாக்டர் நாற்காலியைக் காட்டினார். கயல்விழி உட்காரவில்லை.

"கண்டெடுப்பு எண் முந்நூற்றுப் பதினாலு. கிண்ணம். நிலை, இடம் மாற்றப்பட்டது. ஆய்வுக்கு உகந்ததல்ல. அவ்வளவுதான், எழுது."

"கவுந்திருந்ததுன்னு அவங்க சொல்றாங்க மேடம்."

"சொல்றாங்க. நாளைக்கு இன்னொருத்தர் நிமிர்ந்திருந்ததுன்னு சொல்வாங்க. நமக்கு மண்ணு சொல்லணும். இன்னைக்கு நடக்கறதைத் தூக்கிட்டுப் போய் ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி வைக்கக் கூடாது. முதல் வருஷமே உனக்கு நான் சொல்லிக் கொடுத்தது."

"சடங்குங்கறதும் இன்னைக்கு நடக்கறதுதானுங்களே மேடம்."

டாக்டர் பேனாவை மூடினார். கோபப்படுவார் என்று கயல்விழி எதிர்பார்த்தாள். அவர் கூடாரத்தின் திறப்பு வழியாக வெளியே பார்த்தார்.

"சரிதான். முப்பது வருஷமா எனக்குப் புரியாத எல்லாத்தையும் சாமி கும்பிட வெச்சிருக்கேன். ஆனா அந்தச் சொல் யாரையும் தொந்தரவு பண்ணாது. நீ எழுத நினைக்கறது பண்ணும். தம்பிதுரை கடிதத்தைத் திரும்ப வாங்கிட்டா இந்த வருஷத்து வேலை இத்தோட முடிஞ்சது. உன் ஆராய்ச்சியும்தான்."

அது உண்மை. கயல்விழிக்கு முப்பத்து நான்கு வயது. ஒப்பந்த வேலை. இந்தக் குழியை வைத்துத்தான் அவள் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் நினைவில் ஆராய்ச்சி இல்லை. அன்னூருக்கு அருகே ஒரு தக்காளிக் காடு இருந்தது. அவளுக்கு ஏழு வயது. அம்மா பழம் பறித்துக்கொண்டிருந்தாள். தாகம் என்று சொன்னதும் தோட்டத்து வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனாள். குனிந்து கையைக் குவி என்றாள். மேலேயிருந்து தண்ணீர் வந்தது. ஊற்றியவரின் முகம் தெரியவில்லை. தண்ணீர் முழங்கை வழியாக ஓடிச் சட்டையை நனைத்தது. அது எந்த மண்ணிலும் பதியவில்லை. எந்தக் குழியிலும் கிடைக்காது. குவித்த கைக்குத் தடம் இல்லை. ஒரு கிண்ணமாவது இருந்தால்தான் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் கழித்து ஒருத்தி வந்து எடுக்க முடியும்.

"இடம் மாற்றப்பட்டதுன்னு எழுத மாட்டேனுங்க மேடம்."

"என்ன எழுதுவே?"

"மண்ணைக் கேட்டுட்டு எழுதறேன். கிண்ணத்துக்கு அடி உருண்டை. நிமிர்ந்திருந்தா தரையில சின்னதா ஒரு குழிவு இருக்கும். கவுந்திருந்தா விளிம்பு அழுந்தி வட்டமா இறங்கியிருக்கும்."

"ஈரக் கிண்ணத்தை அவ இன்னைக்குத்தான் வெச்சிருக்கா. வட்டம் இருக்கத்தான் செய்யும்."

"இன்னைக்கு வெச்ச வட்டம் மேலோட போயிரும். மேல் மண்ணு இறங்கி இறங்கி அழுத்துனது கீழ வரைக்கும் போயிருக்கும். ரெண்டு மில்லிமீட்டர் சுரண்டுனாத் தெரிஞ்சுரும்."

டாக்டர் பதிவேட்டை மூடினார்.

"ஈரம் காயட்டும். நாளைக்குக் காலைல ஒரு மணி நேரம் தர்றேன். வட்டம் இல்லேன்னா, இடம் மாற்றப்பட்டதுன்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போடணும். சின்னத்தாயி சொன்ன எதுவும் பதிவேட்டுல வராது. சம்மதமா?"

"சம்மதமுங்க."

*

பதினொரு மணிக்குத் தம்பிதுரை வந்தார். தினமும் வருவார். பைக்கின் முன்னால் தூக்குப்போசியில் காப்பி. எண்ணெய் செக்கு வைத்திருக்கிறார். வெளுத்த வேட்டி, பேச்சில் எப்போதும் மரியாதை. டாக்டருக்கும் கயல்விழிக்கும் எவர்சில்வர் டம்ளர். சல்லடைப் பெண்களுக்குப் பேப்பர் கப். மூன்று மாதமாக அதில் மாற்றமில்லை. பாசிகள் கிடைத்த நாளில் அவர் கண்கலங்கியதைக் கயல்விழி பார்த்திருந்தாள். ஒறம்பரை, சொந்தபந்தம் என்று யார் வந்தாலும் குழிக்குக் கூட்டி வந்து காட்டுவார். எங்க முப்பாட்டன் ஊடுங்க இது, என்பார். வேலிக் கதவில் வைக்க ஒரு பலகைக்குக்கூடச் சொல்லிவைத்திருந்தார்.

அன்று அவர் குழியின் விளிம்பில் நின்று கிண்ணத்தைப் பார்த்தார்.

"இது என்னங்க அம்மணி? தனியாக் கெடக்குது."

கயல்விழி வாயைத் திறப்பதற்குள் சல்லடையில் இருந்து சின்னத்தாயியின் குரல் வந்தது.

"எங்க லோட்டாவுங்க."

பெண்கள் சிரித்தார்கள். தம்பிதுரையும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அவருக்கு அர்த்தம் பிடிபட ஒரு மூச்சு நேரம் ஆனது.

"சும்மா இரு சின்னத்தாயி. நாய்க்குக் கஞ்சி ஊத்துனதா இருக்கும்."

"நாய் குடிச்சுப்போட்டுக் கழுவிக் கவுத்துமாங்க?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தம்பிதுரை கயல்விழியின் பக்கம் திரும்பினார். குரல் முன்னைவிட மென்மையாக இருந்தது.

"அம்மணிக்கு அன்னூருன்னு சொன்னீங்களல்லங்க?"

"ஆமாங்க."

"எனக்கு அங்க நெறைய ஒறம்பரை இருக்குதுங்க. அன்னூர்ல எந்தப் பக்கமுங்க?"

மூன்று மாதமாக அவர் இந்தக் கேள்வியின் அருகே வந்து வந்து திரும்பியிருக்கிறார். அப்பா என்ன செய்கிறார், எந்தக் கோயிலுக்குப் போவீர்கள், கல்யாணம் எந்த ஊரில் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கயல்விழி வேறு எதையாவது பேசியிருக்கிறாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் என்று ஒருமுறை சொன்னாள். அது பொய்யில்லை. இப்போதும் அதையே சொல்லலாம். அவள் டம்ளரைக் குழியின் விளிம்பில் வைத்தாள்.

"காலனிங்க."

"சரிங்க," என்றார் தம்பிதுரை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். போகும்போதும் வணக்கம் சொன்னார்.

*

மறுநாள் அவர் எட்டரைக்கே வந்துவிட்டார். தூக்குப்போசி இருந்தது. டம்ளர் இல்லை. எல்லோருக்கும் பேப்பர் கப்.

"தண்ணிக் கஷ்டமுங்க. கழுவி மாளலை," என்று டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் கப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

சல்லடையிலிருந்து சின்னத்தாயி, கயல்விழிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"பாருங்க அம்மணி. உங்களால டாக்டரம்மாவுக்கும் எங்க கப்பு."

கயல்விழிக்குச் சிரிப்பு வந்தது. கப்பைக் கீழே வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினாள்.

கிண்ணத்தை எடுத்துப் பஞ்சு விரித்த பெட்டிக்குள் வைத்தார்கள். அது இருந்த இடத்தில் ஈரம் காய்ந்து மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தது. நேற்றைய வட்டம். டாக்டர் அதைச் சுட்டிக்காட்டினார். கயல்விழி தலையசைத்தாள். கொத்துக்கரணையைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, நகத்தின் கனத்துக்கு மண்ணைச் சுரண்டினாள். வட்டம் போயிற்று. கீழே சாம்பல் நிறத் தரை. வேறு எதுவும் இல்லை. பிரஷ்ஷால் தள்ளினாள். மீண்டும் சுரண்டினாள். சாம்பல் நிறம். வேர் ஒன்றின் தடம். அது வளையவில்லை, நேராகப் போயிற்று.

முழங்கால் வலித்தது. நெற்றியிலிருந்து ஒரு துளி மண்ணில் விழுந்து கருப்பாயிற்று. அது காயும் வரை காத்திருந்தாள். வட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். சின்னத்தாயி சொன்னது பொய் ஆகிவிடாது. ஆனால் அது சொன்னதாகவே இருக்காது. ஆய்வைக் கெடுத்த ஒரு கூலிப் பெண் என்பது மட்டும் மிஞ்சும். அதன் கீழே கயல்விழியின் கையெழுத்து இருக்கும்.

தம்பிதுரை குழியின் மேல் வந்து நின்றார். "என்னத்தைத் தேடறாங்க?" என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் சொன்னார். கிண்ணம் எந்த நிலையில் இருந்தது என்று பார்க்கிறோம். அவ்வளவுதான்.

மூன்றாவது முறை சுரண்டியபோது கரணையின் முனை ஓரிடத்தில் மிருதுவாக இறங்கியது. கயல்விழி கையை நிறுத்தினாள். கரணையை வைத்துவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தாள். சாம்பல் தரையில் பழுப்பாக ஒரு கோடு. ஒரு சாண் நீளமில்லை. ஆனால் வளைந்திருந்தது. அவள் அதன் பின்னாலேயே போனாள். மூச்சை அடக்கிக்கொண்டு, இடமிருந்து வலமாக. கோடு சுற்றிக்கொண்டு வந்தது. தரை கெட்டி. கோடு மட்டும் மென்மையான வண்டல். மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தாள். அரை விரல் ஆழம் இறங்கியது. ஒரு இடத்தில் வேர் வெட்டிக்கொண்டு போயிருந்தது. மற்றபடி முழு வட்டம். உள்ளே குழிவு இல்லை. சமதரை.

அவள் அளந்தாள். பதினான்கு சென்டிமீட்டர். கிண்ணத்தின் வாய் பதினான்கு.

டாக்டர் குழிக்குள் இறங்கி மண்டியிட்டார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட மூக்கு மண்ணில் படுகிற வரை குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு மாதிரியான சந்தோஷம் இருந்தது. பல வருடம் தோண்டியவர்களுக்கு மட்டும் வரும் சந்தோஷம் அது. யார் ஜெயித்தார்கள் என்ற நினைப்பு அதில் இல்லை.

"கவிழ்ந்துதான் இருந்திருக்கு. சரியா அதே பள்ளத்துலதான் திரும்ப வெச்சிருக்காங்க." பிறகு மேலே பார்த்தார். "அவங்களைக் கூப்பிடு."

சின்னத்தாயி கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். வட்டத்தைப் பார்த்தாள்.

"அதான் சொன்னேனல்லங்க," என்றாள்.

"சொன்னீங்க," என்றார் டாக்டர். கயல்விழியிடம் திரும்பினார். "கவிழ்ந்திருந்ததுன்னு இது சொல்லும். ஏன்னு சொல்லாது. அதை மறந்துடாதே."

"மறக்கலைங்க மேடம். ரெண்டையும் எழுதறேன்."

கயல்விழி பதிவேட்டைத் தொடை மேல் வைத்துக்கொண்டு எழுதினாள். எழுதியதைச் சத்தமாகப் படித்தாள். அதுதான் அவர்கள் வழக்கம். எழுதுகிறவர் படிக்க, இயக்குநர் கேட்டுச் சரி சொல்ல வேண்டும்.

"எண் முந்நூற்றுப் பதினான்கு. தடித்த கிண்ணம், முழுமை. வீட்டுக்கு வெளியே, மேற்கு இறவாரத்தின் கீழே, கவிழ்த்த நிலை. விளிம்புத் தடம் உள்ளது. சடங்குக்குரியதாக இருக்கலாம். வீட்டுக்குள் அனுமதிக்கப்படாத ஒருவருக்கென்று வைத்த கிண்ணமாகவும் இருக்கலாம். இரண்டாவது விளக்கம் சின்னத்தாயி, வயது நாற்பத்தேழு, இந்தக் குழியின் அகழ்வுப் பணியாளர், தன் அனுபவத்திலிருந்து சொன்னது. மண்ணை விலக்கிக் கிண்ணத்தை முதலில் கண்டவரும் அவரே. இரண்டுக்கும் முடிவான ஆதாரம் இல்லை."

டாக்டர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மேலேயிருந்து தம்பிதுரையின் குரல் வந்தது. அதே மரியாதை.

"ஏனுங்க அம்மணி. அந்தக் காலத்துல அப்படியெல்லாம் ஏதுங்க? அதெல்லாம் நடுவுல வந்ததுங்க. படிச்சவிய நீங்களே இப்படி எழுதலாமுங்களா?"

"இருந்துச்சுன்னு எழுதலைங்க. இருக்கலாம்னு எழுதியிருக்கேன்."

"அதுவும் வேண்டாமுங்க. எங்கியோ ரெண்டாயிரத்தி ஐநூறு வருசத்துக்கு முந்திச் செத்தவிய. அவியளுக்கும் எங்களுக்கும் என்னங்க சம்பந்தம்?"

கயல்விழி எழுந்து நின்றாள். அவள் தலை குழியின் விளிம்புக்குச் சரியாக இருந்தது. எதிரே அவருடைய செருப்பும் வேட்டியின் கரையும். அண்ணாந்துதான் பேச வேண்டியிருந்தது.

"பாசி கெடைச்சப்போ முப்பாட்டன் ஊடுன்னு சொன்னீங்க."

அவர் வேட்டியின் கரையைச் சரிசெய்தார்.

"பாசி உங்க முப்பாட்டனுதுன்னா, கிண்ணம் யாருதுங்க?"

சல்லடை நின்றது. தம்பிதுரை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மண்டியிட்ட இடத்திலேயே இருந்தார். வட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த தூசியை விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ற காடுங்க இது," என்றார் தம்பிதுரை. "கடுதாசி குடுத்ததும் நான்தான். வேண்டாமுன்னா வேண்டாமுங்க. மூடிப்போடலாம்."

"மூடலாமுங்க," என்றாள் கயல்விழி. "படம் எடுத்துட்டு மூடலாம்."

அவள் கேமராவை எடுத்தாள். சின்னத்தாயி கேட்காமலேயே அளவுகோலை வட்டத்தின் ஓரத்தில் வைத்தாள்; வடக்கைக் காட்டும் அம்பை அதன் பக்கத்தில் வைத்தாள். அளவுகோல் நழுவாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள். கயல்விழி கேமராவைக் கண்ணில் வைத்தாள். வட்டத்தின் பாதி கருப்பாக இருந்தது. தம்பிதுரை கிழக்கு விளிம்பில் நின்றிருந்தார். காலை வெயில் அவர் முதுகில். அவருடைய நிழல் குழிக்குள் இறங்கி, தரையில் நீண்டு, வட்டத்தின் மேல் கிடந்தது. நிழல் விழுந்தால் பள்ளம் தெரியாது. தடம் படத்தில் வராது.

கயல்விழி சொல்வதற்கு முன் சின்னத்தாயி தலையைத் தூக்கினாள்.

"ஏனுங்க, கொஞ்சம் அக்கட்டால தள்ளி நில்லுங்க. நெழலு உளுகுது."

தம்பிதுரை அவளைப் பார்த்தார். அவள் பார்வையை இறக்கவில்லை. டாக்டர் எழுந்து சுவரை ஒட்டி விலகி நின்றுகொண்டார். வேலிக்கு அப்பால் எருமை கத்தியது. காற்று ஒரு பேப்பர் கப்பை உருட்டிக்கொண்டு வந்து குழிக்குள் தள்ளியது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

சின்னத்தாயி மறுபடி சொல்லவில்லை. அளவுகோலின் மேல் இருந்த விரல் அசையவில்லை. வட்டத்தில் பாதி வெயில், பாதி நிழல். கயல்விழி கேமராவைக் கண்ணிலிருந்து இறக்காமல் காத்திருந்தாள்.